அண்ணனுக்கு வைத்த வால்வும் எனக்கு வைத்த வால்வும்

எங்கள் குடும்பத்தில் இரண்டு பேர் நெஞ்செலும்பைப் பிளந்து இதய வால்வு மாற்றிக்கொண்டோம். அண்ணனுக்கு 1998 தை மாதம். எனக்கு அடுத்த வருஷத் தை. அதே மருத்துவமனை, அதே சர்ஜன், அதே வகை உலோக வால்வு. அளவு மட்டும் வேறு. அவருக்குப் பெரியது, எனக்குச் சின்னது. இதையெல்லாம் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் 1999ஆம் வருஷம் முழுக்க என்னைப் பார்த்தவர்கள் எல்லாரும் என்னிடம் இதைத்தான் சொன்னார்கள். அதே ஆபரேஷன்தானே, அவர் எழுந்து நடமாடுகிறாரே, உனக்கு மட்டும் என்ன?

சிறு வயதில் எங்கள் இருவருக்கும் தொண்டை புண்ணாகி, மூட்டு வீங்கிக் காய்ச்சல் வந்தது. ஜீவனஹள்ளியில் அந்தக் காலத்தில் வீட்டுக்கு ஒரு பிள்ளைக்காவது வரும், போகும். போகும்போது இதயத்தில் ஒரு வேலையைத் தொடங்கி வைத்துவிட்டுப் போகும் என்று நாற்பதுக்கு மேல்தான் எங்களுக்குத் தெரிந்தது. இதயத்திலிருந்து ரத்தம் உடம்புக்குக் கிளம்புகிற வாசலில் உள்ள வால்வு, வருஷக்கணக்கில் தடித்து, சுண்ணாம்பு ஏறி, குறுகிப்போகும். அந்தக் குறுகலான வழியில் ரத்தத்தை நெட்டித் தள்ளியே இதயத்தின் சதை தடித்துவிடும். வால்வை மாற்றினால் சதை மெல்ல இளைத்துப் பழைய நிலைக்கு வரவேண்டும். ஆபரேஷன் பலித்ததா என்பதை டாக்டர்கள் அந்த இளைப்பை வைத்துத்தான் சொல்வார்கள்.

எனக்கு முதலில் மூச்சு முட்டியது 1991 டிசம்பர். எங்கள் கன்னட ஊரில் தமிழர்களைத் தேடி அடித்த காவிரிக் கலவரம் நடந்த நேரம். சிவாஜிநகரில் நான் வேலை செய்த அச்சகத்திலிருந்து எல்லாரையும் வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார்கள். பஸ் இல்லை. ஓட்டமும் நடையுமாக வந்தேன். காக்ஸ் டவுன் மார்க்கெட் அருகில் மார்பைக் கயிறு போட்டுக் கட்டியது போல் ஆகி, மூடிய கடை ஒன்றின் முன்னால் உட்கார்ந்துவிட்டேன். பயம் என்றார் தெரு டாக்டர். அவரைக் குறை சொல்ல மாட்டேன், அன்று யார்தான் பயப்படவில்லை. ஆனால் 1993இல் கலவரம் இல்லை, வெறும் மாடிப்படிதான் இருந்தது. அப்போது உடம்பு போட்டுவிட்டது என்றார். 1995இல் வயது என்றார். அண்ணன் 1997 ஐப்பசியில் ஃபாக்டரி வாசலில் ஒரே ஒரு தடவை மூச்சிரைத்து நின்றார். அடுத்த வாரமே எக்கோ படம், தை பிறந்ததும் ஆபரேஷன்.

என் வால்வு கெட்டிருந்தது தெரியவந்ததும் அவரால்தான். அவரைப் பார்க்க மருத்துவமனைக்குப் போன நான் மாடிப்படியிலேயே உட்கார்ந்துவிட்டதை அந்தப் பக்கம் வந்த ஒரு இளம் டாக்டர் பார்த்து, விளையாட்டு போல ஸ்டெத்தை வைத்தார். வைத்தவர் முகம் மாறியது. அதன் பிறகும், அண்ணன் முழுசாகத் தேறட்டும், ஒரே வீட்டில் இரண்டு ஆபரேஷன் தாங்காது என்று என்னுடையதை ஒரு வருஷம் தள்ளினார்கள்.

அச்சகத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். துணிக்கடைக்கு மேலே இரண்டாவது மாடி. செங்குத்தான படி, கைப்பிடிக்குப் பதில் ஒரு தேங்காய்நார்க் கயிறு. அங்கே தினமும் கிழிக்கிற காலண்டர்தான் முக்கியமான வேலை. நான் புரூஃப் பார்ப்பவள். ஒவ்வொரு தாளிலும் தேதி, கிழமை, திதி, நட்சத்திரம், ராகுகாலம், எமகண்டம் எல்லாம் பஞ்சாங்கத்தோடு ஒத்துப்போகிறதா என்று ஒருவர் வாசிக்க ஒருவர் சரிபார்ப்போம். ஆடி முடிவில் தொடங்கினால் கார்த்திகை வரை அதுதான் வேலை. புரூஃப் தாள் படி இறங்கக் கூடாது என்பது முதலாளியின் சட்டம். ஒரு வருஷம் வீட்டுக்கு எடுத்துப்போன தாள்கள் பஸ்ஸில் மழையில் நனைந்து நாசமாகிவிட்டன, அதிலிருந்து. ஆகவே வேலை வேண்டுமானால் படியேறியே தீரவேண்டும்.

1999இல் நாங்கள் அடிக்கவேண்டியது 2000ஆம் வருஷத்துக் காலண்டர். எனக்கு அதில் பல வருஷமாக ஒரு கண். நூறால் வகுபடும் வருஷங்களில் பிப்ரவரிக்கு இருபத்தொன்பதாம் தேதி கிடையாது, நானூறால் வகுபட்டால் மட்டும் உண்டு. 1600க்குப் பிறகு 2000, அதற்குப் பிறகு 2400. நூற்றாண்டு முடியும் வருஷத்தில் பிப்ரவரி இருபத்தொன்பது என்று ஒரு தாளை எங்கள் ஊரில் எந்த அச்சகமும் அதற்கு முன் அடித்திருக்க முடியாது. அந்தத் தாளின் புரூஃபை நான் பார்க்கவேண்டும். வேறு யாருக்கும் இது ஒரு ஆசையாகவே தோன்றாது என்று தெரியும். ஆபரேஷன் மேஜைக்குப் போகும்போது என் கணவரிடம்கூடச் சொல்லவில்லை. மனசுக்குள் கணக்குப் போட்டேன்: தையில் ஆபரேஷன், ஆடிக்குள் தேறிவிடலாம். அண்ணன் அதைவிடச் சீக்கிரம் தேறியிருந்தார்.

அண்ணன் தேறியது எப்படி என்பதை நான் கூட இருந்து பார்த்தவள். அண்ணி அவரை நாற்காலியில் உட்காரவைத்துத் தலை துவட்டிவிடுவார். காலையில் ஆட்டுக்கால் சூப். பார்க்க வருகிறவர்கள் சுற்றி உட்கார, அவர் சட்டைப் பொத்தானை அவிழ்த்து, "கேளு, கேளு, கடியாரம் மாதிரி அடிக்குது பாரு" என்று வால்வின் சத்தத்தைக் கேட்கச் சொல்வார். உலோக வால்வு மூடும்போது டிக்கென்று கேட்கும். காபியை அண்ணி கொண்டுவருவார்.

என்னைப் பார்க்க வந்தவர்களுக்கும் காபி கொடுக்கவேண்டும் அல்லவா? என் கணவர் சிட்டி பஸ் டிரைவர், நல்ல மனிதர், பால் பொங்குவதைப் பார்த்துக்கொண்டே பொங்கவிடுகிறவர். மகளைச் சந்தாபுராவில் கட்டிக்கொடுத்திருந்தோம், அவள் ஞாயிற்றுக்கிழமைதான் வரமுடியும். ஆகவே நோயாளியைப் பார்க்க வந்தவர்களுக்கு நோயாளியே காபி போட்டாள். "நீ எதுக்குமா எழுந்திருக்கிற, படுத்துக்கோ" என்று சொல்லிக்கொண்டே டம்ளரை வாங்கிக்கொள்வார்கள். சித்திரையில் முதலாளி வந்தார். ஆப்பிள் வாங்கி வந்திருந்தார்.

"காபி ஸ்வல்ப ஸ்ட்ராங்கா இருக்கட்டும்மா. சக்கர கம்மி" என்றார். குடித்து முடித்து, "ஆடிக்குள்ள வந்துடுவீங்கல்ல? ரெண்டாயிரம் காலண்டர், ஆர்டர் இப்பவே ஜாஸ்தி. நீங்க இல்லன்னா வேற ஆள பாக்கணும்" என்றார்.

"வந்துடுவேன் சார்."

"உங்க அண்ணன போன வாரம் மார்க்கெட்ல பாத்தேன். மட்டன் வாங்கிட்டு நடந்தே போறாரு. என்னா தெம்பு!"

வைகாசியில் நான் தெருமுனைக் குழாய் வரை நடந்தால் திரும்பும்போது இரண்டு இடத்தில் நிற்பேன். ஆனியில் மூன்று இடம். அது குறைய வேண்டியது, ஏறிக்கொண்டிருந்தது. அண்ணனிடம் சொன்னேன்.

"பாப்பா, நீ நடக்கவே மாட்டேன்ற. அதான். படுத்துகினே இருந்தா இன்னா ஆவும்? என்னை பாரு."

"நடந்தாதான்ணா வாங்குது."

"அதெல்லாம் மனசுதாம்மே. எங்க, உன் வால்வு சத்தத்த காட்டு." காதை என் பக்கம் சாய்த்துக் கேட்டார். "என்னாது, கேக்கவே இல்ல? உன்னுது வேலை செய்யுதா இல்லயா?"

அண்ணி சிரித்தார். "பொம்பள வால்வு, வாய தொறக்காது."

நானும்தான் சிரித்தேன். அன்றைக்கு அது வேடிக்கையாகவே இருந்தது.

வெளிறிப்போய் இருக்கிறேன் என்று பக்கத்து வீட்டுக்காரர்கள் முருங்கைக்கீரை கொண்டுவந்தார்கள். எனக்கும் அண்ணனுக்கும் வால்வில் ரத்தம் கட்டாமல் இருக்க ஒரு மாத்திரை உண்டு, ஆயுசுக்கும் விழுங்கவேண்டும். கீரை அதிகம் தின்றால் அந்த மாத்திரை வேலை செய்யாது என்று மருத்துவமனையில் எச்சரித்திருந்தார்கள். இதை ஒவ்வொரு வீட்டுக்கும் தனித்தனியாக விளக்கவேண்டியிருந்தது. "டாக்டருங்க அப்படித்தான் சொல்வாங்க, ரத்தம் ஊறணும்ல" என்று விட்டுப்போவார்கள். கீரை வாடும். நான் வாடின கீரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

அந்த மாத்திரையைப் பற்றி யாரிடமும் சொல்லாதது ஒன்று இருந்தது. ஆபரேஷனுக்குப் பிறகு எனக்கு வீட்டுவிலக்கு ஆனால் நிற்பதே இல்லை. முன்பு மூன்று நாலு நாளில் முடிகிற விஷயம், பாதி மாதத்தைத் தின்றது. ரத்தம் உறையாமல் இருக்கத்தானே மாத்திரை. அது வேறு எங்கே போகும்? படிக்கிற பழக்கம் உள்ளவளுக்கு இது புரியாமல் இல்லை. சிவாஜிநகர் பழைய புத்தகக் கடையில் மருத்துவ மாணவர்கள் போட்டுவிட்டுப்போன உடலியல் புத்தகம் ஒன்று வாங்கி வைத்திருந்தேன். இதயம் எவ்வளவு ரத்தத்தை வெளியே தள்ளும், நுரையீரல் எவ்வளவு காற்றை வாங்கும் என்று அதில் எங்கே கணக்கு வந்தாலும் எழுபது கிலோ எடையுள்ள ஆண் ஒருவன் வந்து நின்றான். அவனுக்கு மாதவிடாய் இல்லை. ஆகவே புத்தகத்தில் விடையும் இல்லை.

டாக்டரிடம் சொல்லியிருக்கலாமே என்று கேட்கலாம். எங்கே சொல்வது? மாதாமாதம் ரத்தப் பரிசோதனைக்குப் போகும்போதும் டாக்டரைப் பார்க்கும்போதும் ஒரு பக்கம் அண்ணன், ஒரு பக்கம் கணவர். அண்ணனுக்கும் அதே நாளில்தான் பரிசோதனை, அதே டாக்டர். இருவரும் என்னோடு உள்ளே வருவார்கள். டாக்டர் கன்னடக்காரர், நான் அண்ணனைவிட நன்றாகக் கன்னடம் பேசுவேன். ஆனாலும் டாக்டர் கேட்கும் கேள்விக்கு அண்ணன்தான் பதில் சொல்வார். "தூக்கம் வருதா?" "வருது டாக்டர், நல்லா தூங்குது." "சாப்பாடு?" "கம்மி டாக்டர், நான்தான் சொல்லினே இருக்கேன்." நான் நடுவில் தலையாட்டுவேன். அண்ணன் முன்னால் அந்தப் பேச்சை எடுக்க எங்கள் வீட்டில் எந்தப் பெண்ணும் பழகவில்லை. எங்களுக்கு வீட்டுவிலக்கு என்றால் சாமி படத்துக்குப் பூ வைக்காமல் இருப்பதை வைத்து ஆண்கள் புரிந்துகொள்ளவேண்டும், அவ்வளவுதான்.

நான் பெண் என்பது ஒரே ஒரு தடவைதான் அந்த அறையில் பேச்சுக்கு வந்தது. ஆபரேஷனுக்கு முன், இந்த மாத்திரை சாப்பிடும்போது கர்ப்பம் தரிக்கக் கூடாது என்பதற்காக, "இனிமேல் குழந்தை பெறும் யோசனை உண்டா?" என்று டாக்டர் கேட்டார். என் கணவர் முந்திக்கொண்டு, "இல்ல சார், அப்பவே குடும்பக் கட்டுப்பாடு பண்ணியாச்சு" என்றார். டாக்டர் தலையசைத்தார். கர்ப்பப்பை சம்பந்தப்பட்ட விசாரணை அத்தோடு முடிந்துபோனது.

அண்ணனிடம் மட்டும் அந்த மாத்திரையால் என்ன தொல்லை என்று கேட்டார்கள். ஷேவ் செய்யும்போது தாடையில் கீறிவிட்டது, ரத்தம் நிற்கவில்லை. அதற்கு டாக்டர் நாற்காலியை முன்னால் இழுத்துப்போட்டு, பிளேடு வேண்டாம், மின்சார ரேஸர் வாங்குங்கள், பஞ்சை இப்படி அழுத்திப் பிடியுங்கள் என்று நிதானமாகச் சொல்லிக்கொடுத்தார். நான் புடவைக்குள் இரண்டு மடிப்புத் துணியோடு பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஆடி வந்தது, ஆடி போனது. அச்சகத்துக்கு ஒரு நாள் போய்ப் பார்த்தேன். கயிற்றைப் பிடித்து முதல் மாடி வரை ஏறி, துணிக்கடையின் கிடங்கு வாசலில் மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டேன். மேலேயிருந்து வாசிக்கிற குரல் கேட்டது: "துவிதியை... உத்திராடம்... ராகுகாலம்..." ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவரைத் தற்காலிகமாக வைத்திருந்தார்கள். இரண்டாயிரத்தை ஆரம்பித்துவிட்டார்கள். நான் அப்படியே இறங்கி வந்துவிட்டேன்.

ஆவணியில் பெரிய பரிசோதனை. இருவருக்கும் எக்கோ எடுத்தார்கள். டாக்டர் இரண்டு படங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"உங்க ஹார்ட் தும்ப சென்னாகிதே அம்மா, ரொம்ப நல்லா இருக்கு. சதை நல்லா இளைச்சிருக்கு. அண்ணனுக்கு ஒன்றரை வருஷம் ஆயும் இன்னும் தடிப்பு இருக்கு. அண்ணனவிட நீங்கதான் ஃபர்ஸ்ட் கிளாஸ்."

"பாத்தியா?" என்றார் அண்ணன். "நான்தான் அப்பவே சொன்னேன், ஒண்ணுமில்லன்னு."

"அப்படின்னா மூச்சு ஏன் டாக்டர் வாங்குது?" என்று கேட்டேன்.

"டென்ஷன் டாக்டர்" என்றார் அண்ணன். "வேலைக்குப் போவணும்னு ஒரே கவல."

டாக்டர் சீட்டை எடுத்து, மனசு அமைதியாக ஒரு மாத்திரை எழுத ஆரம்பித்தார். தடித்த இதயம் உள்ளவர் மட்டன் தூக்கிக்கொண்டு நடக்கிறார், இளைத்த இதயம் உள்ளவள் ஒரு மாடி ஏறமுடியவில்லை. இதில் ஏதோ கணக்கு உதைக்கிறதே என்று மேஜைக்கு இந்தப் பக்கம் அந்தப் பக்கம் ஒருவருக்கும் தோன்றவில்லை. அந்தப் பேனா ஓடுவதைப் பார்த்தேன். அச்சகத்தில் அந்நேரம் பிப்ரவரிக்கு வந்திருப்பார்கள் என்று நினைத்தேன். எனக்கு வந்த ஆத்திரத்தில் அண்ணன் இருப்பது, கணவர் இருப்பது எல்லாம் போய்விட்டது.

"டாக்ட்ரே, திங்கள் திங்கள் ரக்த ஹோகோது நில்லோதே இல்லா" என்றேன். மாதாமாதம் ரத்தப்போக்கு நிற்பதே இல்லை என்று, எந்த மொழியில் சொன்னாலும் புரியும்படி, கொஞ்சம் உரக்க. வெளியே வரிசையில் இருந்தவர்களுக்கும் கேட்டிருக்கும்.

பேனா நின்றது. அண்ணன் எழுந்து சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் படிக்கப் போனார். எங்கள் அச்சகத்துக் காலண்டர். என் கணவர் மட்டும், "பாதி மாசம் படுத்தே இருக்குது சார்" என்று மெதுவாகச் சொன்னார். அவருக்குத் தெரிந்திருக்கிறது. இத்தனை மாதமாகத் தெரிந்துதான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறார். அது எனக்கு ஆறுதலாக இருந்திருக்கவேண்டும். அன்றைக்கு இல்லை.

டாக்டர் எழுந்து வந்து என் கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தார். நகத்தைப் பார்த்தார். "இஷ்டு தினா ஏன்மா சொல்லல?" என்றார், இத்தனை நாளாக ஏன் சொல்லவில்லை என்று.

"நீங்க கேக்கல டாக்டர். அண்ணன் தாடைல கீறிகிட்டத கேட்டீங்க."

அவருக்குக் கோபம் வந்தது, பிறகு போய்விட்டது. ரத்தப் பரிசோதனை எழுதினார். உடம்பில் இருக்கவேண்டிய ரத்தச் சத்தில் பாதிதான் இருந்தது என்று மறுநாள் தெரிந்தது. உறைவு தடுக்கும் மாத்திரையும் அளவுக்கு மேல் வேலை செய்திருந்தது. அளவைக் குறைத்தார்கள், இரும்புச் சத்து கொடுத்தார்கள், பெண்கள் டாக்டரிடம் அனுப்பினார்கள். அந்த அம்மா முதல் பத்து நிமிஷம் அண்ணனை வெளியே உட்காரவைத்தார். அதற்காகவே அவரை இன்றும் நினைத்துக்கொள்கிறேன்.

அடுத்த முறை இதய டாக்டரைத் தனியாகப் பார்த்தபோது, என் இதயம் ஏன் சீக்கிரம் இளைத்தது, அண்ணனுடையது ஏன் இளைக்கவில்லை என்று கேட்டேன்.

"லேடீஸுக்கு சில சமயம் அப்படி ஆகுது, நாங்களே பார்க்கிறோம். ஏன்னு சரியா தெரியாது. அப்புறம், உங்களுக்கு வாசல் சின்னது, வச்ச வால்வும் சின்னது. ரத்தம் ஒரேயடியா தாராளமா போகாது. அதனால கொஞ்சம் மூச்சு வாங்குறது இருந்துகிட்டேதான் இருக்கும்." கொஞ்சம் யோசித்துவிட்டு, "நாங்க ஆபரேஷன் பண்றதுல ஜென்ட்ஸ்தான் ஜாஸ்திம்மா. லேடீஸ் ரொம்ப லேட்டா வர்றீங்க" என்றார்.

"நாங்க லேட்டா வரல டாக்டர். 91லேயே வந்தேன்."

அவர் என் சீட்டைத் திருப்பி அடுத்த பரிசோதனைத் தேதியை எழுதினார். 

இரும்பு மாத்திரை வயிற்றைக் கட்டியது, நாக்கில் துருச் சுவை. ஆனால் புரட்டாசியில் குழாய் வரை போய்த் திரும்ப ஒரே ஒரு இடத்தில்தான் நின்றேன். ஆயுதபூஜை முடிந்த மறுநாள் அச்சகத்துக்குப் போனேன். முதல் மாடியில் ஒரு தடவை நின்றேன், கயிற்றைப் பிடித்துக்கொண்டு. பிறகு ஏறிவிட்டேன். மெஷினுக்கு வைத்த பூ இன்னும் வாடவில்லை.

"வாங்கம்மா, வாங்க" என்று முதலாளி எழுந்தார். "ஏப்ரல் ஓடுது. அங்கேர்ந்து பாத்துடுங்க."

"பிப்ரவரி?"

"அடிச்சாச்சே. மார்ச்சும் முடிஞ்சு கட்டு கட்டி வச்சாச்சு. ஏன், எதனா விட்டுப்போச்சா?"

ஒன்றுமில்லை என்றேன். தமிழாசிரியர் நாற்காலியை எனக்காகத் துடைத்து நகர்ந்துகொண்டார். ஏப்ரல் முதல் டிசம்பர் வரை நான் பார்த்தேன். அதில் என் கண் தப்பிய பிழை இரண்டு இருந்தது, பிற்பாடு வாடிக்கையாளர் சொல்லித் தெரிந்தது. பலவீனம் போகாத வருஷம்.

2000ஆம் வருஷக் காலண்டர் எங்கள் வீட்டிலும் அண்ணன் வீட்டிலும் மாட்டியிருந்தது. அண்ணன் தினமும் காலையில் தாளைக் கிழித்து ராகுகாலம் பார்த்துவிட்டுத்தான் நடக்கப் போவார். இதயச் சதைத் தடிப்பு இன்னும் முழுசாகப் போகவில்லை, நடையில் குறை எதுவும் இல்லை. நான் தெருமுனையில் இன்றும் ஒரு தடவை நிற்கிறேன். யாராவது கேட்டால் பஸ்ஸுக்குப் பார்க்கிறேன் என்று சொல்லிவிடுகிறேன், முழுக் கதையையும் சொல்ல எனக்கு மூச்சு இல்லை.

பிப்ரவரி இருபத்தொன்பது வந்தது. தாளைக் கிழிக்காமல் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பஞ்சாங்கத்தைப் பக்கத்தில் விரித்து, மேலிருந்து கீழ்வரை படித்தேன். கிழமை சரி. திதி சரி. நட்சத்திரம் சரி. ராகுகாலம், எமகண்டம், குளிகை எல்லாம் சரி. ஒரு ஒற்றுப்பிழைகூட இல்லை. தமிழாசிரியர் மிக நன்றாகப் பார்த்திருந்தார். இன்னொரு தடவை படித்தேன். ஏதாவது ஒரு புள்ளியாவது விட்டுப்போயிருக்கக் கூடாதா என்று இருந்தது.